ஒரு சாமி மேடையும் மூன்று ரௌட்டர் பிட்டுகளும்

பினாங்கு மாநிலத்துப் பிறையில் எங்கள் பட்டறை வீட்டின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. நானும் என் சித்தப்பா மகனும் இரண்டே பேர். செருப்பு அலமாரி, சமையலறைக் கதவு என்று வருகிற வேலை எல்லாம் செய்வோம், ஆனால் எங்களைத் தேடி ஆள் வருவது சாமி மேடைக்குத்தான். போன தை மாதம் ஒரு மேடை செய்யும்போது ஒன்பது நாளுக்குள் மூன்று முறை பலகை பாழானது. மூன்று முறையும் கையில் இருந்தது ரௌட்டர், மரத்தில் பள்ளமும் ஓர வளைவும் வெட்டும் சுழல் மெஷின். மூன்று முறையும் நாங்கள் முதலில் சொன்ன காரணம் தவறு. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

வேலை

சுங்கை ஆராவில் புது அடுக்குமாடி வீடு வாங்கிய ஓர் அக்கா கேட்ட மேடை அது. மூன்று அடி அகலம், நாலு அடி உயரம், உள்ளே இரண்டு படி, மேலே திருவாசி போல வளைவு, கீழே சூடம், திரி, எண்ணெய் வைக்க இரண்டு கதவு. வெளிப்பக்கம் நியாத்தோ மரம். கண்ணுக்குத் தெரியாத உள்சட்டத்துக்கு மெரந்தி. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் கிரகப்பிரவேசம். தேதி குறித்தாகிவிட்டது, தள்ள முடியாது.

ரௌட்டருக்கு இதில் மூன்று வேலை. பின்பலகை சொருகுவதற்குப் பக்கப் பலகைகளில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க வேண்டும். படிகளின் முன் ஓரத்துக்கு ஓகீ வளைவு, அதாவது அன்னத்தின் கழுத்து மாதிரி உள்ளே போய் வெளியே வரும் ஓரம். அப்புறம் திருவாசி வளைவை அச்சுப் பலகையில் ஒட்டி ஓரம் வெட்ட வேண்டும்.

எங்களிடம் இருந்தவை இரண்டு டிரிம்மர், அதாவது சின்னக் கை ரௌட்டர். ஒரே கம்பெனி, ஒரே மாடல், வேகம் மாற்ற வழியில்லாத, நிமிடத்துக்கு 30,000 சுற்று. ஒன்று கடையில் புதிதாக வாங்கியது. இன்னொன்றை அதற்கு முந்தைய மாதம் லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கினேன். பிட்டுகள், அதாவது மெஷினில் பூட்டும் வெட்டு முனைகள், 15 அடங்கிய ஒரு பெட்டி, இணையத்தில் 49 வெள்ளிக்கு (ரிங்கிட்) வந்தது. ஒரு வருடமாக அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம், பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை.

முதல் சேதம்: ஆழமாகிக்கொண்டே போன காடி

பக்கப் பலகை 18 மி.மீ. கனம். அதில் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி, இரண்டு தடவையாக எடுப்பது வழக்கம். அன்று தம்பி இரண்டாவது டிரிம்மரில் பிட்டைப் பூட்டி ஆரம்பித்தான். பாதி தூரம் போனதும் சத்தம் கனத்தது. நிறுத்திப் பார்த்தால் ஆரம்பத்தில் 3 மி.மீ. இருந்த காடி அந்த இடத்தில் 9 மி.மீ. ஆகியிருந்தது. பிட் மெல்ல மெல்ல வெளியே நழுவி மரத்துக்குள் இறங்கியிருக்கிறது.

“இறுக்கலையா?” என்று கேட்டேன்.

“இறுக்கினேன் அண்ணே. ரெண்டு ஸ்பேனரும் போட்டுத்தான் இறுக்கினேன்” என்றான்.

நான் நம்பவில்லை. நல்ல நியாத்தோ பலகை போன கோபத்தில் நாலு வார்த்தை அதிகமாகவே பேசிவிட்டேன். அடுத்த பலகையை நானே எடுத்து, நானே இறுக்கி, நானே ஓட்டினேன். முக்கால் தூரத்தில் அதே மாதிரி இறங்கியது. புது டிரிம்மருக்கு அதே பிட்டை மாற்றினோம், ஒழுங்காக வெட்டியது. சரி, பழைய சாமானில் நட்டு தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டி அதை ஓரமாக வைத்துவிட்டோம். தம்பியிடம் நான் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

இரண்டாவது: கருகிய படி

படி ஓரத்துக்கு ஓகீ பிட் போட்டோம். நீளவாக்கில் ஓரளவு ஓடியது. பலகையின் தலைப்பக்கம், அதாவது நார் வெட்டுப்பட்டு நிற்கும் பக்கம் வந்ததும் புகை. ஓரம் முழுக்கக் கறுப்புக் கோடு. மெதுவாகத் தள்ளினால் சுத்தமாக வெட்டும் என்று நினைத்து இன்னும் மெதுவாகத் தள்ளினேன், இன்னும் கருகியது. வளைவின் குழிக்குள் உப்புத்தாளை விரலில் சுற்றி இரண்டு மணி நேரம் தேய்த்தும் கறை போகவில்லை. மரத்தில் பால் அதிகம், அதுதான் எரிகிறது என்று மரத்தின் மேல் பழி போட்டோம்.

மூன்றாவது: தெறித்த வாய்

திருவாசியை ஜிக்சாவில் வெட்டி, அச்சுப் பலகையை மேலே ஒட்டி, அச்சின் ஓரத்தில் உருளும் பேரிங் வைத்த பிட்டால் ஓரம் எடுத்தோம். வளைவின் ஒரு பாதி அழகாக வந்தது. மறுபாதியில், உச்சிக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு வெடிச் சத்தம். விரல் நீளத்துக்கு மரச் சில் பிய்ந்து போனது. தகரச் சுவரில் வேறு ஏதோ ‘டிங்’ என்று பட்டது. மெஷினை அணைத்துவிட்டுப் பார்த்தால் பிட்டின் வாயாக, அதாவது வெட்டும் விளிம்பாக, ஒட்டியிருக்கும் இரண்டு கார்பைட் துண்டுகளில் ஒன்றைக் காணவில்லை. தம்பி கண்ணாடி போட்டிருந்தான். அந்தச் சுவருக்கும் அவன் நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு கை அகலம்தான்.

அன்று அதோடு வேலையை நிறுத்தினோம். தேதி நெருங்கியிருந்தாலும் காரணம் தெரியாமல் இன்னொரு பலகையைத் தொடுவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

வெர்னியரும் பூதக்கண்ணாடியும்

இரவு சாப்பிட்ட மேசையிலேயே பிட்டுகளை வரிசையாக வைத்தோம். முதலில் எடுத்தது வெர்னியர், கனத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி. பெட்டியின் மேல் கால் அங்குலம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேயே 6 மி.மீ. என்றும் போட்டிருந்தது, இரண்டும் ஒன்றுதான் என்பது போல. கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. ஒவ்வொரு பிட்டின் தண்டையும், கடையில் ஷேங்க் என்பார்களே அதை, அளந்தேன். பதினைந்தும் 5.97, 5.98. சந்தேகமே இல்லாத 6 மி.மீ. தண்டுகள்.

அப்புறம் இரண்டு டிரிம்மரிலும் பிட்டின் தண்டைப் பிடிக்கும் காலெட்டைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். புது மெஷினில் 6 மி.மீ. காலெட். சந்தையில் வாங்கியதில் கால் அங்குலக் காலெட். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பல மாடல்களுக்கு இரண்டு அளவிலும் காலெட் கிடைக்கிறது, நம் ஊரில் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. யாரும் அளந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

இந்த 0.35 மி.மீ. சின்ன வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் காலெட் வேலை செய்கிற விதத்தை யோசித்தால் புரியும். அது கீறல் போட்ட ஒரு கூம்பு. நட்டை இறுக்கும்போது கூம்பு சுருங்கித் தண்டை நீளம் முழுக்கச் சுற்றிப் பிடிக்க வேண்டும். தண்டு மெலிந்திருந்தால் கூம்பு அளவுக்கு மீறிச் சுருங்கி, ஒரு வளையத்தில் மட்டும் கடிக்கும். கைக்கு இறுகியது போலவே இருக்கும். 30,000 சுற்றில் மரம் இழுக்கும்போது அந்தக் கடி போதாது. பிட் அதிர்ந்து அதிர்ந்து கீழே இறங்கும். தம்பி சரியாகத்தான் இறுக்கியிருந்தான். எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்க முடியாத ஒன்றை இறுக்கியிருந்தான். நான்கு நாள் கழித்து அந்த மேசையில்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அரை அங்குல மெஷின் வைத்திருப்பவர்களும் இதே இடத்தில் கவனிக்க வேண்டும். 12 மி.மீ. தண்டும் 12.7 மி.மீ. தண்டும் சந்தையில் கலந்து கிடைக்கின்றன. அங்கே வித்தியாசம் இன்னும் இரட்டிப்பு.

மூன்றாவது பிட்டுக்கு வந்தோம். வாய் தெறித்துப்போன இடம் வெறும் கண்ணுக்கு ஒரு பள்ளமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எங்கள் மாமா பட்டர்வொர்த்தில் நாற்பது வருடம் நகை வேலை செய்தவர். அவரிடம் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடி உண்டு. மறுநாள் காலையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொடி முழுசா ஓடல, தம்பி. ஓரத்துல மட்டும் பளபளன்னு காட்டிட்டு உள்ள விட்டுட்டான்” என்றார்.

பத்தர்கள் நகையில் பொடி வைத்து ஊதுவது போலத்தான் கார்பைட் துண்டை எஃகு உடம்பில் ஒட்டுகிறார்கள். வெள்ளி கலந்த உலோகம் உருகி இரண்டுக்கும் நடுவே முழுக்கப் பரவ வேண்டும். மாமா வெண்காரம் போடும் இடத்தில் அவர்களும் ஒரு மருந்து போடுவார்கள். இதில் ஒரு சிக்கல், சூடேறினால் எஃகு விரிகிற அளவில் கார்பைட் பாதிதான் விரியும். உருகிய உலோகம் கனம் போதாமல் இருந்தாலோ, உள்ளே காற்றுக் குழி விழுந்தாலோ, ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அந்த ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வரும். எங்கள் பிட்டில் பள்ளத்தின் பாதி வெள்ளையாக இருந்தது, பாதி கறுப்பு. கறுத்த பாதியில் உலோகம் ஒட்டவே இல்லை.

மாமா சொன்ன பிறகு பெட்டியில் மீதி இருந்த பிட்டுகளையும் பார்த்தேன். இன்னும் நான்கில் ஒட்டுக் கோட்டில் ஊசி முனை அளவுக் குழிகள். இரண்டில் வெட்டும் விளிம்பே பல் பல்லாக உதிர்ந்திருந்தது. கார்பைட் என்பது டங்ஸ்டன் கார்பைட் மணிகளைக் கோபால்ட் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள். மணி நைசாக இருந்தால் விளிம்பு ஊசி போலக் கூராகும், தேய்வதும் ஒரே சீராகத் தேயும். மணி பெரிதாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கழன்று விளிம்பு ரம்பம் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் மூன்றாவது சேதத்தில் பிட்டை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜிக்சாவில் வெட்டும்போது கோட்டுக்கு வெளியே 5 மி.மீ. விட்டிருந்தோம். ஒன்றரை மி.மீ. விட்டிருந்தால் போதும். அதோடு திருவாசியின் ஒரு பாதியில் பிட் உச்சியிலிருந்து இறங்குகிறது, நாரைத் தடவிக்கொண்டு போகிறது. மறுபாதியில் ஏறுகிறது, அங்கே நாரின் நுனிக்குள் குத்தி நெம்புகிறது. பேரிங் வேறு பிசினேறி இறுகிப் போயிருந்தது, அச்சுப் பலகையில் அது தேய்த்த கறுப்புக் கோடு கிடந்தது. நல்ல பிட்டாக இருந்திருந்தாலும் மரம் பிய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாய் மட்டும் தெறித்திருக்காது. அந்த வித்தியாசம் ஒரு கண்ணின் விலை.

கருகியதற்கு மரம் காரணமா?

கொஞ்சம் காரணம்தான், ஆனால் நாங்கள் நினைத்த விதத்தில் இல்லை. ஓகீ பிட்டின் அகலம் 28.6 மி.மீ. டிரிம்மர் ஓடுவது 30,000 சுற்றில். அந்தப் பிட்டின் வெளி விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 45 மீட்டர் போகிறது, மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் காருக்கே 110 தான் வரம்பு. பிட் செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: 25 மி.மீ. அகலம் வரை 24,000 சுற்று, 50 மி.மீ. வரை 18,000, அதற்கு மேல் 16,000, இன்னும் பெரியது என்றால் 12,000. அப்படியானால் அந்தப் பிட்டை அந்த மெஷினில் பூட்டியதே தவறு. பெட்டியில் இருந்தது, தண்டு நுழைந்தது, பூட்டினோம்.

மெதுவாகத் தள்ளியது அதைவிடப் பெரிய தவறு. இரண்டு வாய் உள்ள பிட் 30,000 சுற்றில் நிமிடத்துக்கு 60,000 முறை மரத்தைத் தொடுகிறது. நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு வாய்க்கும் கிடைப்பது 0.025 மி.மீ. மரம். அது வெட்டு ஆகாது, தேய்ப்பு. தேய்த்தால் சூடு, சூடேறினால் கருகல். கீழே விழுவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாவு போல விழுந்தால் தேய்க்கிறது, சின்னச் சின்னச் சுருளாக விழுந்தால் வெட்டுகிறது. அன்று தரையில் கிடந்தது மைதா மாவு மாதிரி இருந்தது.

மரத்தின் பங்கு வேறு இடத்தில் இருந்தது. உள்சட்டத்தின் ஓரங்களையும் அதே ஓகீ பிட்டால்தான் முதல் நாள் பழகிப் பார்த்தோம். மரக்கடையில் மெரந்தி என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். சிவப்பு, வெளிர்சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று அதில் பல ஜாதி. எங்களுக்கு வந்தது வெள்ளை மெரந்தி. பார்க்க மென்மையாக, இழைக்க லேசாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அதன் உடம்புக்குள் சிலிக்கா உண்டு, மணலின் அதே பொருள். வாளும் பிட்டும் அதில் மழுங்குவது மரத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நியாத்தோவிலும் சில ஜாதிகளில் சிலிக்கா இருக்கிறது, ஒரு பலகைக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துவராது. கெருயிங் மரம் என்றால் சிலிக்காவோடு பிசினும் சேரும்.

ஆக, மணல் மரத்தில் பழகி மழுங்கிய வாயை, வரம்பு மீறிய வேகத்தில், நத்தை போலத் தள்ளியிருக்கிறோம். கருகாமல் என்ன செய்யும்.

வாங்கப் போனது

அடுத்த நாள் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனர் கடைக்குப் போனோம். ‘மாத்தா ரௌட்டர்’ என்று கேட்டால்தான் அங்கே சட்டென்று புரியும். மலாயில் மாத்தா என்றால் கண், வெட்டும் முனைக்கும் அதே பெயர். நான் பையிலிருந்து வெர்னியரையும் மாமாவின் கண்ணாடியையும் எடுத்து வைத்ததும் தவ்க்கே, அதாவது கடை முதலாளி, சிரித்தார். அப்புறம் அவரே விளக்கை இழுத்துக் கொடுத்தார்.

இந்த முறை பெட்டி வாங்குவதில்லை என்று தெளிவாகப் போனோம். பதினைந்து பிட்டில் ஒரு வருடமாக நாங்கள் தொட்டது ஐந்தைத்தான். மீதிப் பத்துக்கும் சேர்த்துக் கொடுத்த காசு, அந்த ஐந்தின் தரத்திலிருந்து கழிந்த காசு.

முதலில் தண்டை அளந்தேன். கால் அங்குலம் என்றால் 6.33க்கும் 6.35க்கும் நடுவில் இருக்க வேண்டும், தடவினால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டும். அப்புறம் ஒட்டுக் கோடு. கார்பைட்டைச் சுற்றி ஒரே கனத்தில், இடைவெளி இல்லாமல் மெல்லிய வெள்ளிக் கோடாக ஓட வேண்டும். கார்பைட்டின் கனத்தையும் பார்த்தேன். எங்கள் பழைய பெட்டியில் 1 மி.மீ. கூட இல்லை. இங்கே நல்லவற்றில் 2 மி.மீ. இருந்தது. கனம் இருந்தால் மழுங்கியதும் வைரத் தகட்டில் நாலு முறை இழுத்துத் தீட்டிக்கொள்ளலாம். தீட்டும்போது கார்பைட்டின் தட்டையான உள்முகத்தை மட்டும்தான் தீட்ட வேண்டும். வளைந்த வெளிப்பக்கத்தைத் தொட்டால் வடிவமே மாறிவிடும்.

கூர்மைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. விளிம்பை நகத்தின் மேல் அழுத்தாமல் வைத்து மெல்ல இழுத்தால் வெள்ளையாக ஒரு பொடி சுரண்டி வர வேண்டும். வழுக்கினால் வேண்டாம். சமநிலைக்கு, தவ்க்கேயின் கண்ணாடி மேசை விளிம்பில் தண்டை வைத்து, தலை வெளியே தொங்கும்படி உருட்டினேன். தலை குதித்தால் தண்டும் தலையும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். நாங்கள் உருட்டியதில் ஒன்று குதித்தது. விலை அதிகமானவற்றில் ஒன்றுதான் அது.

நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் சி.எம்.டி. தன் பிட்டுகளுக்கு ஆரஞ்சு நிறம் பூசுகிறது, அமெரிக்காவின் வட கரோலினாவில் செய்யும் ஒயிட்சைடு பிட்டுகளுக்கும் நல்ல பெயர். ஆனால் ஆரஞ்சு, சிவப்பு, நீலம் எல்லா நிறத்திலும் எல்லாரும் பூசுகிறார்கள். பூச்சு பிசின் ஒட்டாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். அது ஒட்டையும் காட்டாது, கார்பைட்டையும் காட்டாது.

காடிக்குக் கார்பைட்டிலேயே முழுதாகச் செய்த சுருள் பிட் ஒன்று எடுத்தோம், 62 வெள்ளி. அதில் ஒட்டே கிடையாது, அதனால் ஒட்டு விட்டுத் துண்டு தெறிக்கிற பயமும் இல்லை. சுருளில் இரண்டு விதம். தூளை மேலே இழுத்து வெளியே தள்ளுவது ஒன்று, கீழே அழுத்துவது இன்னொன்று. மேலே இழுப்பது காடியைச் சூடாகாமல் வைத்திருக்கும், ஆனால் மேல் ஓரத்து நாரைக் கொஞ்சம் கிளப்பும். கீழே அழுத்துவது மேல் ஓரத்தைக் கத்தரித்தது போல வெட்டும், தூள் காடிக்குள்ளேயே அடையும். பின்பலகை மறைத்துவிடும் காடி என்பதால் மேலே இழுப்பதை எடுத்தோம். வெளியே தெரியும் கண்ணாடிக் காடி என்றால் மற்றதைத்தான் எடுத்திருப்பேன். இன்னொரு விஷயம், 6 மி.மீ. என்று விற்ற பிளைவுட்டை அளந்தால் 5.4 இருந்தது. அதனால் 5 மி.மீ. அகலப் பிட்டாக எடுத்து, இரண்டாவது முறை 0.5 நகர்த்தி ஓட்டினோம். பின்பலகை ஆடாமல் உட்கார்ந்தது.

திருவாசிக்கு மேலேயும் கீழேயும் பேரிங் உள்ள பிட், 74 வெள்ளி. இதன் அருமை வேலையில்தான் தெரிந்தது. ஒரு பாதியை இறக்கத்தில் வெட்டிவிட்டு, அச்சுப் பலகையோடு மரத்தைக் கவிழ்த்துப் போட்டால் மறுபாதியும் இறக்கம் ஆகிவிடும். பேரிங் மட்டும் மேலிருந்து கீழாக மாறும்.

ஓகீக்குத்தான் நெடுநேரம் யோசித்தோம். கால் அங்குலத் தண்டில் பெரிய தலை வேண்டாம் என்று தோன்றியது. ஒரு தண்டு வளையாமல் நிற்கும் பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. விட்டம் இரண்டு மடங்கு என்றால் விறைப்பு பதினாறு மடங்கு. அரை அங்குலத் தண்டு உள்ள ஓகீ 96 வெள்ளி. எங்களிடம் அதற்கு மெஷின் கிடையாது. ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் வேகம் மாற்றக்கூடிய பெரிய ரௌட்டரை இரவல் கேட்டோம். காலெட்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கி வந்தோம். 12.7 தான்.

கடைசியாக டிரிம்மர்களுக்கு ஒரு 6 மி.மீ. காலெட்டும் ஒரு கால் அங்குலக் காலெட்டும் புதிதாக, இரண்டும் சேர்த்து 30 வெள்ளி. மொத்தம் 262. பாழான பலகைக்கு மட்டும் 210 போயிருந்தது, மூன்று நாள் கூலி தனி.

பழகிப் பார்த்தது

நேராக நியாத்தோவைத் தொடவில்லை. முதலில் ரப்பர் மரத் துண்டுகளில் ஓட்டினோம். எங்கள் பாட்டி கூலிமில் பால் வெட்டிய தோட்டத்தில், பால் குறைந்ததும் மரத்தை வெட்டித் தள்ளி எரித்துவிடுவார்களாம். இன்று அதே மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் ஏற்றுமதி ஆகிறது. நார் சீராக இருப்பதால் பிட்டின் குணம் அதில் ஒளிவு மறைவில்லாமல் தெரியும்.

தண்டைக் காலெட்டுக்குள் 20 மி.மீ.க்குக் குறையாமல் விட்டு, அடியில் முட்டியதும் 2 மி.மீ. மேலே இழுத்து இறுக்கினோம். அடியோடு முட்ட வைத்து இறுக்கினால் காலெட் சுருங்கும்போது தண்டை முழுதாகப் பிடிக்காது. தண்டு தலையோடு சேரும் இடத்தில் இருக்கும் சின்ன வளைவு காலெட்டுக்குள் போகக் கூடாது என்பதையும் பார்த்துக்கொண்டோம். தண்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒரு மீட்டர் காடி எடுத்ததும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். நகரவில்லை. பத்து மீட்டர் ஓட்டியும் நகரவில்லை. லோரோங் கூலிட் மெஷினில் ஒரு குறையும் இல்லை. அதை அநியாயமாக ஓரங்கட்டியிருந்தோம்.

ஓகீயைப் பெரிய ரௌட்டரில் 16,000 சுற்றில் வைத்து, நிமிடத்துக்கு மூன்று மீட்டர் வேகத்தில், ஆழத்தை மூன்று தடவையாகப் பிரித்து ஓட்டினோம். தலைப்பக்கத்தை முதலிலும் நீளவாக்கைப் பிறகும் எடுத்தோம், மூலையில் சில் பிய்ந்தால் அடுத்த வெட்டு அதைத் துடைத்துவிடும். தரையில் சுருள் விழுந்தது. புகை வரவில்லை. உப்புத்தாள் ஒரு கை போட்டதும் படி ஓரம் விளக்கொளியில் மின்னியது.

மேடை கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பாகப் பாலம் தாண்டி சுங்கை ஆராவுக்குப் போனது. அக்கா திருவாசி வளைவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வளைவுக்குப் பின்னால் நடந்தது எதையும் அவரிடம் சொல்லவில்லை.

பட்டறையில் இப்போது ஒரு பித்தளைத் தகடு தொங்குகிறது. அதில் 6.1 மி.மீ. துளை ஒன்று போட்டிருக்கிறோம். எந்தப் பிட் வந்தாலும் தண்டை அதில் விட்டுப் பார்ப்போம். நுழைந்தால் 6 மி.மீ. பலகையில் குத்தி வைப்போம், நுழையாவிட்டால் கால் அங்குலப் பலகையில். மெஷினின் தலையிலும் காலெட் அளவை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம். பேரிங்கை வாரம் ஒரு முறை விரலால் சுழற்றிப் பார்ப்பதும், சோடா மாவு கலந்த வெந்நீரில் பேரிங் இல்லாமல் பிட்டை ஊற வைத்துப் பிசினைத் துடைப்பதும் தம்பியின் வேலை. அவன் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

பழைய பெட்டியில் பதினைந்தில் பத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம். மீதி ஐந்தில் ஒட்டு நன்றாகவே இருக்கிறது. 6 மி.மீ. காலெட்டில் சின்ன ஓரம் தட்டுவதற்கு இன்னும் பயன்படுத்துகிறோம். அடுத்து செங்கால் மரத்தில் ஒரு கோயில் கதவு வருகிறது. அந்த மரத்தின் கனத்துக்கு இரவல் மெஷின் சரிப்படாது, சொந்தமாக ஒன்று வாங்கத்தான் வேண்டும். தம்பி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு கடையிலும் அவன் முதலில் கேட்பது காலெட் அளவைத்தான்.